பெரிய எண்களை ஒப்பிடும் பாடத்தில் விடுபட்டுப்போகும் காரணம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய முழு எண்களை ஒப்பிடத் தொடக்க வகுப்புகளில் சொல்லித்தரும் விதியை அனைவரும் அறிவோம். இலக்கங்கள் அதிகமாக உள்ள எண் பெரியது. இலக்கங்களின் எண்ணிக்கை சமமானால் இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து, முதன்முதலில் வேறுபடும் இடத்தில் எதன் இலக்கம் பெரியதோ அந்த எண்ணே பெரியது. விதியில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த விதி ஏன் பலிக்கிறது என்பதைச் சொல்லாமல் நேரே பயிற்சிக் கணக்குகளுக்குப் போய்விடுகிறோம். அதைப் பற்றியே இந்தக் கடிதம்.

யுரேனஸ் கோளின் நடுக்கோட்டு விட்டம் 51,118 கிலோமீட்டர். நெப்டியூனின் விட்டம் 49,528 கிலோமீட்டர். எது பெரியது என்று கேட்டால் நெப்டியூன் என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் கண்ணில் படுவது 9, 5, 8 ஆகிய இலக்கங்கள். மற்ற எண்ணிலோ மூன்று ஒன்றுகள் வரிசையாக நிற்கின்றன. முகமதிப்பை, அதாவது இலக்கத்தின் சொந்த மதிப்பைப் பார்க்கிறார்கள்; இடமதிப்பை, அதாவது அது நிற்கும் இடத்தால் பெறும் மதிப்பைப் பார்ப்பதில்லை. இந்த நேரத்தில் விதியை மறுபடி ஒப்பிக்கச் சொன்னால் விடை திருந்தும், எண்ணம் திருந்தாது. மாறாக, 49,528 என்ற எண்ணில் 4 என்பதை மட்டும் விட்டுவிட்டு மற்ற நான்கு இலக்கங்களையும் உங்களால் முடிந்த மட்டும் பெரிதாக்குங்கள் என்று சொல்லிப் பார்க்கலாம். நான்கிலும் 9 எழுதுவார்கள். 49,999 வரும். அப்போதும் 50,000-க்கு ஒன்று குறையும். 51,118 அதையும் தாண்டி நிற்கிறது. ஓர் இடத்தில் ஒன்று கூடிவிட்டால், அதற்கு வலப்பக்கத்தில் உள்ள இடங்கள் அனைத்திலும் ஒன்பதையே நிரப்பினாலும் அந்த ஒன்றை ஈடுகட்ட முடியாது என்பதுதான் விதியின் முழுக் காரணம். மணிச்சட்டத்தில் ஒரு கம்பிக்கு ஒன்பது மணிக்கு மேல் நிறுத்தாமல், பத்தாவது மணி வந்ததும் அனைத்தையும் எடுத்துவிட்டு அடுத்த கம்பியில் ஒரு மணியைக் கோக்கவைத்தால் ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் இது விளங்கிவிடும். (நிறையில் நெப்டியூனே யுரேனஸை விஞ்சுகிறது, பெரியது என்றால் எந்த அளவில் என்று ஒரு மாணவர் கேட்டால் மகிழ வேண்டியதுதான்.)

இன்னொரு சிக்கல் பழக்கத்தால் வருவது. கூட்டலையும் கழித்தலையும் ஒன்றாம் இடத்தில் தொடங்கச் சொல்லிப் பழக்கியிருக்கிறோம். ஒப்பிடும்போது மட்டும் திடீரென்று இடக்கோடியிலிருந்து வரச் சொல்கிறோம். இந்தத் திசைமாற்றத்தை வாய்விட்டுச் சொல்லாவிட்டால், பூமியின் விட்டம் 12,756, வெள்ளியின் விட்டம் 12,104 என்று கொடுத்தாலும் சிலர் 6-ஐயும் 4-ஐயும் ஒப்பிட்டுச் சரியான விடையைச் சொல்லிவிடுவார்கள். இப்படித் தவறான வழியில் வரும் சரியான விடையை ஆசிரியர் கண்டுபிடிப்பது கடினம்.

இலக்கங்களை எண்ணிப் பார்ப்பது ஒரு தனி விதி என்று கற்பிப்பதும் எனக்கு உடன்பாடில்லை. ஒன்றின் கீழ் ஒன்றும் பத்தின் கீழ் பத்தும் வருமாறு 12,345-க்குக் கீழே 985-ஐ எழுதிப் பார்த்தால், கீழ் எண்ணில் ஆயிரமும் பத்தாயிரமும் வெறுமையாக, அதாவது 0 ஆக இருக்கின்றன. இடப்பக்கத்திலிருந்து பார்த்தாலே 1 பெரியதா, 0 பெரியதா என்ற கேள்வி வந்துவிடுகிறது. ஆக, இரண்டு விதிகள் இல்லை, ஒன்றே ஒன்றுதான். இந்த வசதியும் இடமதிப்பு முறை தந்தது. பழைய தமிழ் எண்முறையில் தொண்ணூற்றொன்பதை ௯௰௯ என்று மூன்று குறிகளால் எழுதினார்கள். நூற்றுக்கு ௱ என்ற ஒரே குறி போதும். ரோமானிய முறையில் 1888 என்று எழுதப் பதின்மூன்று எழுத்துகள் வேண்டும். 2000-க்கு இரண்டே எழுத்துகள். அங்கெல்லாம் நீளத்தை வைத்து அளவைச் சொல்ல இயலாது. இந்த ஒப்பீட்டை வகுப்பில் பத்து நிமிடம் காட்டினாலே, தாம் அன்றாடம் எழுதும் எண்களின் அமைப்பு எத்தகையது என்று பிள்ளைகளுக்குப் புரியும்.

காற்புள்ளிகளை எண்ணி எது பெரியது என்று சொல்லும் பழக்கத்தையும் கவனிக்க வேண்டும். 9,87,654 என்றும் 987,654 என்றும் எழுதப்படுவது ஒரே எண்தான்; இலட்சம், கோடி முறைக்கும் மில்லியன் முறைக்கும் காற்புள்ளி விழும் இடம் மாறும், மதிப்பு மாறாது.

பயிற்சிக்கு ஓர் விளையாட்டைப் பரிந்துரைக்கிறேன். 0 முதல் 9 வரை எழுதிய பத்து அட்டைகளைக் கலந்து, ஆசிரியர் ஒவ்வொன்றாக ஐந்து அட்டைகளை எடுக்க வேண்டும். மாணவர்கள் ஐந்து கட்டங்களை வரைந்துகொண்டு, அறிவிக்கப்படும் இலக்கத்தை அடுத்த அட்டையை எடுப்பதற்குள் ஏதேனும் ஒரு கட்டத்தில் எழுதிவிட வேண்டும். எழுதியதை மாற்றக் கூடாது. மிகப் பெரிய எண்ணை அமைத்தவர் வென்றவர். முதலில் 9 வந்தால் யாரும் தயங்க மாட்டார்கள். 6 வந்தால்தான் வகுப்பு மௌனமாகும்: பத்தாயிரத்தில் வைத்துவிடலாமா, இன்னும் பெரியது வருமா, ஆயிரத்தில் வைத்தால் நட்டம் எவ்வளவு? முடிவில் ஒருவரிடம் 84,620 இருக்கும், அடுத்தவரிடம் 86,402 இருக்கும். இலக்கங்கள் இருவருக்கும் அவையேதான், வென்றது இடம். 620 என்பது 402-ஐ விடப் பெரியது என்று தோற்றவர் வாதாடினால், அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பை வென்றவரிடமே விட்டுவிடலாம்.

காரணம் தெரியாமல் விதியை மட்டும் ஏந்திச் செல்லும் மாணவர், 0.5, 0.45 ஆகியவற்றில் இலக்கம் அதிகமுள்ள 0.45-ஐப் பெரியது என்கிறார். ஒன்றின் கீழ் ஒன்றை வைத்து இடப்பக்கத்திலிருந்து பார்க்கப் பழகியவர் பத்தில் ஒன்றாம் இடத்திலேயே விடையைக் கண்டுவிடுவார்.

எனவே வினாத்தாள் அமைப்போர், இரண்டு எண்களுக்கு நடுவில் < அல்லது > குறியிடச் சொல்லும் கணக்குகளில் சிலவற்றையாவது குறைத்து, வேறு வகைக் கேள்விகளைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். குறியின் திறந்த வாய் பெரிய எண்ணைப் பார்க்கும் என்ற உத்தி, குறியை எப்படித் திருப்புவது என்பதற்குத்தான் உதவும். அதற்குப் பதிலாக, ‘7▢,▢▢▢ பெரியதா, 68,▢▢▢ பெரியதா? மறைந்துள்ள இலக்கங்களைப் பார்க்காமலேயே சொல்ல முடியுமா? 7▢,▢▢▢ என்றும் 7▢,▢▢▢ என்றும் இரண்டு எண்களைக் கொடுத்தால் ஏன் முடியவில்லை? எந்த ஒரு கட்டத்தை முதலில் திறந்து பார்க்கக் கேட்பாய்?’ என்று கேட்டு, விடைக்கு ஒரு மதிப்பெண்ணும் காரணத்துக்கு இரண்டு மதிப்பெண்களும் அளிக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்