எமது வீதிக் குடியிருப்பாளர் சங்கத்தின் 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2023 மார்ச் 19ஆம் திகதி நகரசபையின் பதவிக்காலம் முடிந்தது. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும் வரை எமது நகரசபையில் மக்கள் பிரதிநிதி என்று ஒருவரும் இருக்கவில்லை. கான் (வடிகால்) அடைத்தாலும், வீதி விளக்கு எரியாவிட்டாலும் நகரசபையின் செயலாளருக்கே எழுதிக்கொண்டிருந்தோம். ஜூனில் புதிய சபை பொறுப்பேற்ற பிறகு வட்டார உறுப்பினரைச் சங்கக் கூட்டத்துக்கு அழைத்தோம்; வந்து பொறுமையாகக் கேட்டார். அது நல்ல தொடக்கம். ஆனால் "பார்த்துச் செய்கிறேன்" என்று வாயால் சொன்ன வேலைகளில், கடிதமாகக் கோப்பில் ஏறியவை மட்டுமே நடந்திருக்கின்றன.

இந்த ஆண்டு எம்மை அதிகம் அலைக்கழித்தது வீதியின் கீழ்க்கோடியில் உள்ள மதகு. மேலே தேயிலை மலை, தோட்ட நிர்வாகத்துடையது. நடுவில் லயன்கள், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்; அது பிரதேச சபை எல்லை. கீழே எங்கள் வீடுகள், நகரசபை எல்லை. மூன்று இடத்துத் தண்ணீரும் வந்து சேர்வது இந்த ஒரு மதகுக்குத்தான். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு, லயன்களுக்குச் சபைப் பணத்தைச் செலவிட முட்டுக்கட்டையாக இருந்தது. 2018இல் அதைத் திருத்தினார்கள். இருந்தும், அடைபட்ட மதகைச் சுத்தம் செய்யக் கேட்டபோது எமக்குக் கிடைத்த பதில் "அது எங்கள் எல்லை இல்லை" என்பதே. மூன்று பேரும் அதையே சொன்னார்கள்.

சரி என்று, 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தோம். தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். பதிலோடு வீதிப் பதிவேட்டின் பிரதியும் வந்தது. மதகு நகரசபையுடையது என்று அதில் தெளிவாக இருந்தது. அப்புறம் பேச்சுக்கு இடமில்லை.

அந்தப் பிரதியை இணைத்து மூன்று தரப்புக்கும் ஒரே கடிதத்தை அனுப்பி, ஒரே நாளில் மதகடிக்கு வரும்படி கேட்டோம். தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தரும் பிரதேச சபை அலுவலரும் வந்தார்கள். மதகுக்குள் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியும் பிளாஸ்டிக் போத்தலும் மண்ணும் முக்கால்வாசிக்கு இறுகிக் கிடந்தன. குச்சி தோட்டத்திலிருந்து வந்தது, போத்தல் எங்களிடமிருந்து. கண்ணால் பார்த்த பிறகு யாரும் எல்லை பேசவில்லை. மலைக் கான்களைத் தோட்டமும், லயன் பக்கத்தைப் பிரதேச சபையும், மதகை நகரசபையும் சுத்தம் செய்வதென்று அங்கேயே எழுதிக் கையொப்பமிட்டார்கள். ஒக்டோபர் முடிவதற்குள் வேலையும் முடிந்தது. மாதக்கணக்கில் கடிதம் எழுதி நடக்காதது, எல்லோரும் ஒரே இடத்தில் நின்றதால் நடந்தது.

நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தையே உலுக்கியது. எங்கள் வீதியில் தண்ணீர் மதகு வழியாகவே இறங்கிப் போனது. ஆனால் மேல் லயன் பக்கம் மண் இறங்கியதால் அந்தக் குடும்பங்களைப் பாடசாலைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. எமக்கு வந்த எச்சரிக்கை அறிவித்தல் சிங்களத்தில் இருந்தது. சங்க இளைஞர்கள் தமிழாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல வார்த்தையில்லை. ஆனால் அது அவர்கள் செய்ய வேண்டிய வேலை அல்ல. தமிழும் அரசகரும மொழி. உயிர் காக்கும் அறிவித்தல் இரு மொழியிலும் ஒரே நேரத்தில் வர வேண்டும் என்று நகரசபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுதியுள்ளோம். பதில் இன்னும் வரவில்லை.

வீதி விளக்குகள் பெரும்பாலும் திருத்தப்பட்டன. குப்பை வண்டி வரும் நாளில் இன்னும் ஒழுங்கில்லை. மதிப்பீட்டு வரியை ஜனவரி 31க்குள் முழுதாகக் கட்டினால் பத்து வீதம் கழிவு உண்டு. கட்டிய பற்றுச்சீட்டின் பிரதியைத் தயவுசெய்து சங்கத்துக்கும் தாருங்கள். சபையோடு பேசப் போகும்போது அது எமக்குப் பலம்.

வரும் ஆண்டில் காலாண்டுக்கு ஒரு முறையாவது மூன்று தரப்போடும் கூட்டுக் கள ஆய்வு நடத்த வேண்டும் என்றும், அதற்கு இரண்டு அங்கத்தவர்களை இன்றே நியமிக்க வேண்டும் என்றும் பிரேரிக்கிறேன். கடிதங்கள், பதில்கள், கையொப்பமிட்ட தாள் எல்லாம் சங்கக் கோப்பில் உள்ளன. யாரும் வந்து பார்க்கலாம்.

செயலாளர்