எலிக்கு ஒரு பக்கம், உலாட் புங்குஸுக்கு இரண்டு வரியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்துத் தொல்லைகளைப் பற்றி ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எலியைப் பற்றித்தான் முழுக்க முழுக்க. உலாட் புங்குஸ், அதாவது பை கட்டிக்கொண்டு ஓலையைத் தின்னும் புழு, அந்த அந்துப்பூச்சிக்கு இரண்டே வரி. நம் மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் செம்பனையை நம்பி இருக்கிறவர்களைக் கேட்டால் கணக்கு வேறாக இருக்கும்.

எலி கண்ணில் படும், அதனால் திட்டும் வாங்கும். அடுக்கி வைத்த மட்டைக்குள் குடியிருக்கும், பழத்தைக் கரம்பி நார் தெரிய விட்டுப் போகும், மகரந்தச் சேர்க்கைக்கென்றே 1981-இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்த வண்டு இருக்கிறதே, அதன் புழுவைக்கூட ஆண் பூவைக் குடைந்து தின்னும். நட்டம்தான், ஆனால் வளர்ந்த மரத்தில் மட்டை பச்சையாக நிற்கும், அடுத்த குலை வரும்.

அந்துப்பூச்சி அப்படி விடாது. பெண்ணுக்கு இறக்கையே கிடையாது. ஓலைத் துணுக்குகளை நூலால் ஒட்டிக் கட்டிய பைக்குள் தொங்கியபடியே வளர்ந்து, ஆண் தேடி வந்தபின் அதற்குள்ளேயே நூற்றுக்கும் மேல் முட்டையிட்டுச் செத்துப்போகும். பொரிந்த குஞ்சுகள் நூலில் தொங்கிக் காற்றோடு அடுத்த மரத்துக்குப் போய்விடும். பாதி ஓலை போனால் அடுத்த இரண்டு ஆண்டுகளில் விளைச்சல் ஏறக்குறைய 40 விழுக்காடு விழும். 2013-இல் அரசாங்கமே இதை ஆபத்தான பூச்சி என்று அரசிதழில் போட்டது சும்மாவா?

வைத்தியமும் ஒன்றல்ல. எலிக்கு ஆந்தைப் பெட்டி வைக்கலாம், சரி (விஷம் தின்ற எலியைத் தின்று ஆந்தையும் சாகிறது, அது தனிக் கதை). புழுவுக்கு எமன் கண்ணுக்கே சரியாகத் தெரியாத குளவிகள்தான். கண்ட மருந்தையும் அடித்தால் முதலில் சாவது அவைதான். 1960-களிலேயே நம் தோட்டங்கள் பட்ட பாடு இது. இருந்தும் எங்கள் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அதையே செய்தார்கள், அப்புறம் பார்த்தால் மட்டையெல்லாம் தீய்ந்த மாதிரி நிற்கிறது. நாலு ஏக்கர் வைத்திருக்கிறவன் என்ன செய்வான், காற்று வேலி பார்த்தா வரும்?

மட்டையைத் திருப்பிப் பையைப் பார்ப்பது எப்படி என்று அடுத்த இதழில் ஒரு படம் போடுங்கள். புழு மட்டும் தின்று சாகிற ‘பிடி’ (Bt) என்ற பாக்டீரியா மருந்தை, புழு சின்னதாக இருக்கும்போது அடித்தால்தான் நன்றாகப் பிடிக்கும். பைக்குள் கூட்டுப்புழு ஆனபின் அது தின்னவே தின்னாது, அப்போது அடித்தால் காசுதான் கரையும்.

சிறுதோட்டக்காரர் ஒருவர்,
தெலுக் இந்தான்