நாற்பதாம் நாள்

அன்புள்ள காதர்,

கடிதம் கிடைத்தது. பேரனுக்குக் காய்ச்சல் விட்டது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே கமலாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விடுவது என் பொறுப்பு.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மன்னர் ஷாவை விரட்டிய ஈரான் ஜனங்கள், மதகுருமாரிடம் எப்படி ஆட்சியைக் கொடுத்தார்கள்?

உங்கள் வாப்பாவுக்கு நாற்பதாம் நாள் ஓதியபோது வந்திருந்தேனே, அந்த நாற்பதுதான் அங்கே புரட்சிக்கு நாள் குறித்தது. 1978 ஜனவரியில் கோம் நகரில் கூடியவர்களைப் போலீஸ் சுட்டது. அவர்களுக்கு நாற்பதாம் நாள் துக்கம் காக்க தப்ரீசில் கூடினார்கள். அங்கேயும் சாவு. அதற்கு நாற்பது, யஸ்த் நகரில். 1975லேயே ஷா ஒரே கட்சிதான் என்று ஆக்கிவிட்டார். பள்ளிவாசலை மட்டும் அவரால் பூட்ட முடியவில்லை. நாடு கடத்தப்பட்டிருந்த மதகுரு கொமெய்னியின் பேச்சு கேசட்டில் வந்து இறங்கியதும் அங்கேதான். பஜார் வியாபாரி, மாணவர், இடதுசாரி எல்லோரும் ஒன்றாக நின்றார்கள். எண்ணெய்த் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தியதும் ஆட்சி ஆட்டம் கண்டது.

1979 ஜனவரி 16ல் ஷா கிளம்பினார், பிப்ரவரி 1ல் கொமெய்னி வந்து இறங்கினார். மார்ச் கடைசியில் வாக்கெடுப்பு. 'இஸ்லாமியக் குடியரசு வேண்டுமா, வேண்டாமா?' கேள்வி அவ்வளவுதான். 98 சதவீதத்துக்கு மேல் 'வேண்டும்'. அது எப்படிப்பட்ட ஆட்சி என்று சொல்லும் அரசியல் சட்டம் டிசம்பரில்தான் நிறைவேறியது. எல்லோருக்கும் மேலே ஒரு மதகுரு என்று அதில் இருந்தது. எனக்கு ஆறாத விஷயம் இதுதான், காதர். எழுதாத பத்திரத்தில் ஒரு நாடே கையெழுத்துப் போட்டிருக்கிறது.

பெண்களுக்கு மட்டும் முன்பே புரிந்துவிட்டது. ஷாவை எதிர்ப்பதற்காகவே விரும்பி, உடலை மூடும் சாதர் போர்த்தி ஊர்வலம் போனவர்கள் அவர்களில் உண்டு. தலையை மூடுவது கட்டாயம் என்றதும், மார்ச் 8ல் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். கூடப் போராடிய ஆண்களில் பலர், இப்போது இது முக்கியமில்லை என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

2022ல் மஹ்சா அமினி என்ற இளம்பெண், தலைத்துணியைச் சரியாக அணியவில்லை என்று பிடித்துச் செல்லப்பட்டு, காவலில் இருந்தபோது இறந்தாள் அல்லவா? அவளுடைய நாற்பதாம் நாளன்று, அவள் சொந்த ஊரான சக்கேஸில் ஆயிரக்கணக்கானோர் கல்லறைக்கு நடந்தே போனார்கள்.

பேரன் தேறியதும் ஒரு வரி போடு. ரஹ்மத்தைக் கமலா கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சிவராமன்