பச்சை அட்டையும் நீல அட்டையும்: விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விழாக் குழுவினருக்கு,

வணக்கம். சனிக்கிழமை மாலை திறந்தவெளி மேடையிலும், ஞாயிற்றுக்கிழமை காலை குளிரூட்டிய அரங்கிலும் நடந்தது உங்களுக்குத் தெரியும், நீங்கள்தானே நடத்தினீர்கள். ஆகவே நேராகக் கோரிக்கைக்கு வருகிறேன். அடுத்த ஆண்டு விண்ணப்பப் படிவத்திலிருந்து 'ஏதேனும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கவும்' என்ற வரியை எடுத்துவிடுங்கள். என் நாற்பது நிமிடத்தை நாற்பது நிமிடமாகவே, ஒரே மேடையில், ஒரே அனுமதி அட்டையோடு நிகழ்த்த விடுங்கள்.

நான் இரண்டு கட்டத்தில் டிக் போட்டது உண்மைதான். 'கானா' ஒன்று, 'கவிதை' ஒன்று. எதை விட்டிருந்தாலும் பொய்யாகியிருக்கும். உங்கள் அலுவலகத்திலிருந்து பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "சார், கம்ப்யூட்டர் இரண்டை ஏற்றுக்கொள்ளாது. இரண்டு விண்ணப்பமாகப் பிரித்துப் போட்டுவிடுகிறோம்" என்றார். விண்ணப்பத்தைத்தான் பிரிக்கிறார் என்று நினைத்து நானும் தலையாட்டிவிட்டேன்.

நான் கொண்டுவந்தது சங்கிலியார் கதை. திருவொற்றியூரில் வளர்ந்தவனுக்கு அதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாசி மாதம் கோயிலுக்குப் போனாலே போதும். சங்கிலியாரை மணப்பதற்காக, உன்னைப் பிரியமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்த தேவாரச் சுந்தரர், திருவாரூர் வசந்த விழா நினைவு வந்ததும் கிளம்பிவிடுகிறார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விடுகின்றன. திருவெண்பாக்கத்தில் ஓர் ஊன்றுகோல் கிடைக்கிறது. (அந்தப் பழைய கோயில் இருந்த இடம் இப்போது பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது.) காஞ்சியில் இடக்கண், ஆரூரில் வலக்கண். பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் கதையில் பார்வைகூடத் தவணை முறையில்தான் வருகிறது.

என் நிகழ்வின் முதல் பாதி சுந்தரர் போவது. அதைக் கானாவில் கட்டினேன். எங்கள் பக்கம் ஒருவர் போய்விட்டால் விடிய விடியப் பாடுவது கானாதான். போனவரைப் பற்றிச் சொல்ல அதைவிடப் பழகிய குரல் எனக்கு வேறு கிடையாது. இரண்டாம் பாதி, ஊரிலேயே நின்றுவிட்ட சங்கிலியார் பேசுவது. கோயிலுக்குப் பூத்தொடுத்த பெண் அவர். கை வேலையில் இருக்க, வாய் விட்டுவிட்டுத்தான் பேசும். அதனால் அது கவிதையாக வந்தது. அங்கேயும் டோலக் உண்டு, ஒன்பதே அடி. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் எவ்வளவு நேரம் சும்மா இருக்க வேண்டும் என்பதை நானும் என் டோலக் நண்பரும் ஆறு மாதம் மொட்டைமாடியில் உட்கார்ந்து கண்டுபிடித்தோம்.

நீங்கள் கானாவுக்கு ஒதுக்கியது பன்னிரண்டு நிமிடம். சுந்தரருக்குக் கண் போகும் இடத்தில் மணி அடித்தது. நன்றி சொல்லி இறங்கினேன்.

என் அம்மாவுக்கு 78 வயது. முட்டிவலியோடு இரண்டு பஸ் மாறி வந்து, மேடைக்குப் பக்கவாட்டில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்தார். ஆறு மாதமும் மாடியிலிருந்து கேட்ட சத்தத்தைச் சமையலறையில் நின்று முழுக்கக் கேட்டவர். நான் இறங்கி வந்ததும், "அவள் பேசவே இல்லையே?" என்றார்.

"நாளைக்குப் பேசுவாள் அம்மா."

"எங்கே?"

"வேறு அரங்கத்தில்."

"ஏன், அவளை இந்த மேடையில் ஏற்றமாட்டார்களா?"

இந்தக் கேள்வியை உங்களிடம் அப்படியே ஒப்படைக்கிறேன். என்னிடம் பதில் இல்லை. அடுத்த நாள் காலை அவருக்கு எழுந்து நடக்க முடியவில்லை. நாற்பது நிமிட நிகழ்வில் என் தாய் மேடையில் பார்த்தது பன்னிரண்டு நிமிடம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு என்னிடம் நீல அட்டை இருந்தது. 'கவிஞர்' என்று அச்சடித்து, கானாவுக்குத் தந்த பச்சை அட்டையில் இருந்த அதே புகைப்படத்தை ஒட்டியிருந்தீர்கள். நண்பரிடம் பச்சை மட்டும்தான். வாசலில் இருந்த காவலர் தன் கடமையைச் செய்தார். பச்சைக்கு இங்கே அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார். டோலக்கை மடியில் வைத்துக்கொண்டு நண்பர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே நான் அந்த ஒன்பது அடிகளையும் விரல் முட்டியால் மேசையில் தட்டினேன். மூன்றாவது அடியிலேயே ஒலியமைப்பாளர் கையை ஆட்டி, மைக் அதிர்கிறது, தட்டாதீர்கள் என்று சைகை காட்டினார். மீதி ஆறு அடியையும் மனத்துக்குள் போட்டுக்கொண்டேன். முடிந்ததும் கல்லூரி மாணவி ஒருவர் எழுந்து கேட்டார்: "அந்தப் பெண் யாரிடம் பேசுகிறாள் சார்?" நியாயமான கேள்வி. அந்த ஆளை நான் முந்தின நாள் மாலையே, வேறொரு மேடையில், கண்ணில்லாமல் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

சுந்தரருக்காவது ஆரூர் போய்ச் சேர்ந்தபோது இரண்டு கண்ணும் ஒரே முகத்தில் இருந்தன.

பிழைப்புக்கு நான் கன்டெய்னர் யார்டில் டாலி எழுதுகிறேன். வருகிற பெட்டிகளைக் கணக்கெடுப்பது, சீல் பார்ப்பது, எண் குறிப்பது. ஒவ்வொரு பெட்டிக்கும் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் உண்டு. ஒரே பெட்டியில் ஒருவருடைய துணி, இன்னொருவருடைய இயந்திர பாகம், மூன்றாமவருடைய பீங்கான் என்று ஏழெட்டுப் பேர் சரக்கு சேர்ந்து வரும். அதற்காகப் பெட்டியை அறுத்து ஏழு கப்பலில் ஏற்றி யாரும் பார்த்ததில்லை. எண் ஒன்றுதான், சீல் ஒன்றுதான். உலகம் முழுக்கச் சரக்குக்குக் கிடைத்திருக்கிற இந்தச் சலுகை கலைஞனுக்குக் கிடைக்காததன் காரணம் என் சிற்றறிவுக்கு எட்டவில்லை.

உடை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமைக்கு லுங்கியும் கழுத்தில் கர்சீப்பும் இருந்தால் 'இயல்பாக' இருக்கும் என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஜிப்பா இருக்கிறதா என்று கேட்டீர்கள். என் இயல்பு அரைக்கைச் சட்டையும் பேண்ட்டும். இருபது வருடமாக வேலைக்குப் போவது அதில்தான். அறிவிப்பாளர் முதல் நாள் என்னை 'வடசென்னையின் வலி' என்று அறிமுகம் செய்தார். எனக்கு அன்றைக்கு வலி எதுவும் இல்லை. இரண்டாம் நாள் வடசென்னையே காணாமல் போய் 'நவீன கவிஞர்' ஆகியிருந்தேன். ஓர் இரவுக்குள் எந்தப் பாலத்தைத் தாண்டினேன் என்று தெரியவில்லை.

திரு.வி.க.வை நினைத்துக்கொள்கிறேன். பள்ளியில் தமிழாசிரியர். 'தேசபக்தன்', 'நவசக்தி' இதழ்களின் ஆசிரியர். சைவ மேடைகளில் பேச்சாளர். 1918-இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தபோது முன்னால் நின்றவர்களில் ஒருவர். அவரிடம் உங்கள் படிவத்தை நீட்டியிருந்தால் எந்தக் கட்டத்தில் டிக் போட்டிருப்பார்? ஆலை வாசலில் பேசுகையில் ஒரு நிறம், சைவ சபைக்குள் நுழைகையில் இன்னொரு நிறம் என்று கழுத்தில் அட்டை மாற்றிக்கொண்டிருப்பாரா? கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளாது என்று அவருக்கும் யாராவது போன் செய்திருப்பார்கள்.

கோபத்தில் வார்த்தை நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்துக் கலையை மேடையேற்ற வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கு இருப்பதை நான் மறுக்கவில்லை. பேசிய பணம் ஒரு வாரத்தில் வந்துவிட்டது, அதற்கும் நன்றி. இரண்டு தலைப்பில் இரண்டு தொகையாக வந்ததையும், கவிதைக்குக் கானாவைவிட மூன்று மடங்கு கொடுத்திருப்பதையும், கானாவில் அந்தத் தொகையை இரண்டு பேர் பிரித்துக்கொண்டதையும் இங்கே பெரிதாக்கப் போவதில்லை.

கேட்பது சிறிய விஷயம். படிவத்தில் அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள். முடியாது என்றால், கட்டங்களுக்குக் கீழே ஒரு வெற்றுக்கோடு போடுங்கள்; நான் செய்வதை நானே எழுதிக்கொள்கிறேன். நிகழ்வை முழுதாக ஒரே இடத்தில் வையுங்கள். அது திறந்தவெளியா, குளிரூட்டிய அரங்கமா என்பது எங்களுக்கு ஒரு பொருட்டில்லை. டோலக் வாசிப்பவருக்கும் எனக்கும் ஒரே நிறத்தில் அட்டை கொடுங்கள். மூத்தவர்களுக்கு மேடைக்கு எதிரே நாற்காலி போட்டால் கூடுதல் மகிழ்ச்சி.

என்னுடைய பச்சை அட்டையையும் நீல அட்டையையும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நண்பரின் அட்டையை அனுப்ப முடியவில்லை. அவருடைய ஐந்து வயது மகன் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, எங்கள் தெருவில் எந்த வீட்டுக்குள் யார் நுழையலாம் என்று அனுமதி கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

இப்படிக்கு,
திருவொற்றியூரிலிருந்து,
இரண்டு விண்ணப்ப எண்கள் கொண்ட ஒருவன்