பிரேக் பிடிக்கவில்லை என்று எழுதாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். குன்னூர் – மேட்டுப்பாளையம் சாலையில் ஒரு வண்டி தடுப்புச் சுவரில் மோதினால் மறுநாள் நம் பத்திரிகையில் ஒரே வாசகம்தான் வரும்: 'பிரேக் பிடிக்காததால் கட்டுப்பாட்டை இழந்து'. படித்துப் படித்து எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. ஆனால் அந்த வண்டி எந்த கியரில் இறங்கிக்கொண்டிருந்தது என்று எழுதி நான் பார்த்ததில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீடு அரவங்காட்டில். 2003-இல் வாங்கிய மாருதி 800 இன்னும் ஓடுகிறது, ஆர்.சி.யை இரண்டு முறை புதுப்பித்தாயிற்று. 'இன்னுமா இதை வெச்சிருக்கீங்க?' என்று கேட்காத சொந்தக்காரர் பாக்கியில்லை. இங்குள்ள ஈரத்துக்கு ஜன்னல் ரப்பரில் பாசி பிடிக்கும். பழைய பல் பிரஷ்ஷால் அதைத் தேய்ப்பது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. மழைக்காலத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு நாள்கணக்கில் விட்டால் பிரேக் ஷூ சக்கரத்து டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்துத்தான் நிறுத்துவேன். மலைக்காரனுக்கு இதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும். பிரேக் ஆயில் விஷயம் மட்டும் நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

1996-இல் காரமடையில் ஒரு கல்யாணம். மச்சானின் அம்பாசிடரை நான்தான் ஓட்டினேன். வண்டிக்குள் ஏழு பேர், டிக்கி நிறைய சீர்சாமான். முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது என்று மரப்பாலம் தாண்டியதிலிருந்து டாப் கியரிலேயே பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கினேன். பர்லியாருக்கு முன்னால் ஒரு வளைவில் பெடல் பஞ்சு மாதிரி தரைவரை போனது. ஒன்றுமே பிடிக்கவில்லை. நல்லவேளை, கொஞ்சம் முன்னால்தான் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டி வேகம் குறைந்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு செகண்டில் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இடதுபக்க மண் திட்டில் உரசி நிறுத்தினேன். மட்கார்டு நசுங்கியது, யாருக்கும் அடியில்லை. பின்சீட்டில் இருந்த அத்தை மட்டும் கல்யாண வீடு போய்ச் சேரும்வரை என்னோடு பேசவில்லை.

இனிதான் விஷயம். அரை மணி நேரம் கழித்துப் பெடலை மிதித்தால், எதுவுமே நடக்காத மாதிரி கல்லாக நிற்கிறது! மேட்டுப்பாளையத்தில் மெக்கானிக் வீல் சிலிண்டர் நிப்பிளைத் திறந்தார். வந்தது கடுங்காப்பி நிறத்தில் ஒரு திரவம். புது பிரேக் ஆயில் இளந்தேன் நிறத்தில் இருக்கும். "எப்பங்க மாத்துனீங்க?" என்றார். "மாத்தணுமா?" என்றேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

நம் மிதியைச் சக்கரம்வரை கொண்டுபோவது பிரேக் ஆயில்தான். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது கொதிக்க 230 டிகிரியாவது வேண்டும். நாள்பட்டு நாலு சதவீதத்துக்கும் குறைவாகத் தண்ணீர் சேர்ந்தாலே அது 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ். நாம் மிதிப்பது அந்தக் குமிழை அமுக்கவே சரியாகப் போய்விடும், சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. ஆறினால் குமிழ் மறையும், பெடல் திரும்பி வரும். இதை 'பிரேக் பழுது' என்று எழுதினால், படிக்கிறவர் தலைவிதி என்றோ கார் கம்பெனியின் குற்றம் என்றோதானே நினைப்பார்?

எனக்கு யூனிட் கணக்குதான் தெரியும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறக்கம் சுமார் 1,400 மீட்டர். ஆளோடு சேர்த்து ஒரு டன் எடையுள்ள கார் இவ்வளவு உயரம் இறங்கினால் ஏறக்குறைய 3.8 யூனிட் சக்தி வெளியேற வேண்டும். ஒரு கிலோவாட் ஹீட்டர் நாலு மணி நேரம் எரிகிற அளவு! காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதியை, சின்ன கியரில் போட்டு இன்ஜினிடம் கொடுக்காமல், தோசைக்கல்லைவிடச் சின்ன இரண்டு பிரேக் டிஸ்க்குகளின் தலையில் ஒரு மணி நேரத்துக்குள் கட்டினால் அவை என்னதான் செய்யும்? நம் மலை ரயிலில்கூட பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார், ஒரே பிரேக்கை நம்பி யாரும் இறக்குவதில்லை.

ஏறின கியரிலேயே இறங்கு என்பது லாரிக்காரர்கள் சொல்லும் கணக்கு. சென்னையிலிருந்து வந்த அண்ணன் மகனிடம் இதைச் சொன்னேன். "சித்தப்பா, இது ஆட்டோமேட்டிக், கியரே கிடையாது" என்றான். லிவரில் 'டி'க்குப் பக்கத்தில் 'எல்' (லோ, அதாவது சின்ன கியர்) என்ற எழுத்து எதற்கு என்று கேட்டேன். மூன்று வருஷமாக வைத்திருக்கும் கார், அதை அவன் தொட்டதே இல்லை. நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்பவர்களும் இன்னும் இருக்கிறார்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டால் பெட்ரோல் தானே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்கு எரியும். இன்ஜினையே அணைத்து இறங்குகிறவர்களைப் பற்றி எழுதினால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். இரண்டு மூன்று மிதியில், பெடலை லேசாக்கித் தரும் பூஸ்டர் காலி, பிறகு பெடல் மரக்கட்டை. மின்சார கார்க்காரர்களுக்கு மட்டும் யோகம், இறங்க இறங்க பேட்டரி ஏறும். ஆனால் குன்னூரிலேயே 100 சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டால் அந்தச் சக்தி போய்ச்சேர இடமில்லை, அவர்களும் பிரேக்கைத்தான் நம்ப வேண்டும்.

பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும் என்பார்கள். நான் ஆண்டுதோறும் சீசனுக்கு முன் மாற்றிவிடுகிறேன். இரண்டு பேர் பிரியாணி சாப்பிடும் செலவுதான். ஜெனரல் சர்வீஸில் அதுவும் சேர்ந்திருக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள், பில்லில் இருக்கிறதா என்று பாருங்கள்.

2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் நடைமுறையில் இருக்கிறது. வண்டி எண் கேட்கிறார்கள், எத்தனை பேர், எத்தனை நாள் என்று கேட்கிறார்கள். கூடவே 'பிரேக் ஆயில் மாற்றி எத்தனை வருஷம்?' என்று ஒரு வரி சேர்க்க நிர்வாகத்துக்கு என்ன செலவு? பதிலைச் சரிபார்க்க முடியாதுதான். கேட்டாலே பத்தில் இரண்டு பேராவது மெக்கானிக்கிடம் போவார்கள். உங்கள் நிருபர்களும் அடுத்த முறை டிரைவரிடம் கியரைக் கேட்டு எழுதட்டும்.

கடைசியாக ஒன்று. சீசனில் பர்லியார் பழக்கடைகளின் முன்னால் சக்கரம் புகைய நிற்கும் கார்களைப் பார்க்கிறேன். பாட்டில் தண்ணீரை எடுத்து டிஸ்க் மேல் ஊற்றுகிறார்கள். ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிவிடலாம், விரிசலும் விடலாம். சூட்டோடு ஹேண்ட் பிரேக்கும் போட வேண்டாம். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் மங்குஸ்தான் சாப்பிடுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள். இரவு ஷிப்ட் முடிந்து பைக்கில் வருகிற எங்கள் பையன்களுக்கு மூடுபனியில் அது தெரியாது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
அரவங்காடு, நீலகிரி.