மோடம் கோப்பை மட்டும் தனியாகக் கொடுங்கள்

மதிப்புக்குரிய கைபேசி நிறுவனத்தின் மலேசியக் கிளைப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். சுங்கை சிப்புட்டில் கைபேசி பழுதுபார்க்கும் சின்னக் கடைக்காரன் எழுதுகிறேன். உங்கள் பழைய போன்களின் மோடம் கோப்பை, அதாவது சிக்னல் பிடிக்கும் பாகத்தை இயக்கும் நிரலை, தனியாகக் கேட்டு மூன்று மின்னஞ்சல் போட்டாயிற்று. மூன்றுக்கும் ஒரே பதில்: "அசல் இயங்குதளத்துக்குத் திரும்புங்கள்." திரும்புவதற்கு அசல் ரோம், அதாவது நீங்கள் வெளியிட்ட முழு இயங்குதளத் தொகுப்பு, வேண்டுமே ஐயா. அது இருந்த பக்கத்தைத்தான் நீங்களே எடுத்துவிட்டீர்களே!

தோட்டத்து லயத்தில் எங்கள் அத்தை ஒருவர், செம்பனையில் உதிரிப்பழம் பொறுக்குபவர். மகன் சிங்கப்பூரில். இரவு எட்டு மணிக்குக் கூப்பிடுவான். வீட்டில் லைன் கிடைப்பது சன்னலோரம் மட்டும், அதனால் கவிழ்த்த மைலோ டின் மேல் போனை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். டேட்டா போடுவதில்லை. நீங்கள் அப்டேட்டை நிறுத்தியபின் அந்தப் போன் திறக்கவே அரை நிமிடம் எடுத்தது, நான்தான் ஆர்வலர்கள் எழுதும் ஆண்ட்ராய்டு இயங்குதளமான லீனியேஜ் ஓஎஸ் போட்டுக் கொடுத்தேன். போன மாதம் அதைப் புதுப் பதிப்புக்கு ஏற்றினேன். மேலே புதுசு, அடியில் மோடத்தை இயக்கும் ஃபர்ம்வேர் பழசு. முதலில் கவனிக்காதது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டும் ஒத்துப்போகாததால், 4ஜி வழியாகவே அழைப்பு பேசவைக்கும் வோல்ட்இ பதிவாகவில்லை. 3ஜி 2021 இறுதியோடு நாட்டில் மூடப்பட்டுவிட்டது. மிச்சம் 2ஜி, அது அந்தச் சன்னலை எட்டுவதில்லை. பதினோரு நாள் கழித்து அத்தை கடைக்கு வந்தார். "தம்பி, போன் அடிக்கவே மாட்டேங்குது. அவன் கூப்பிடலையா, இதுக்குக் காது கேக்கலையான்னு தெரியல."

யாரோ முகம் தெரியாதவர் ஏற்றி வைத்திருந்த மூன்று ஜிபி ரோமை இறக்கி, எல்லாப் பாகங்களையும் அடைத்து வைத்திருக்கும் பேலோட் கோப்பைப் பிரித்து, மோடத்தை மட்டும் உருவி, கணினியிலிருந்து போனுக்குக் கோப்பு ஏற்றும் ஃபாஸ்ட்பூட் வழியாக ஏற்றினேன். வேறு நாட்டு மாடலுக்கு உரியதாக இருந்தால் போன் செத்துவிடலாம். மாடல் எண்ணை மூன்று தடவை ஒப்பிட்டுவிட்டுத்தான் என்டர் தட்டினேன், அப்போதும் விரல் நடுங்கியது. எழுந்து வந்தது. 4ஜி பக்கத்தில் வோல்ட்இ குறி தெரிந்ததும் மகனுக்கு நானே அடித்தேன்.

கேட்பது இவ்வளவுதான்: ஒவ்வொரு மாடலுக்கும் கடைசியாக வந்த மோடம், புளூடூத், போனைத் தொடக்கிவைக்கும் பூட்லோடர் கோப்புகளை, கோப்பு சிதையவில்லை என்று பார்க்கும் சரிபார்ப்பு எண்ணோடு, தனியாக வெளியிடுங்கள். இயங்குதளத்தை ஆர்வலர்கள் எழுதிக்கொள்கிறார்கள். இவற்றில் உங்கள் கையொப்பம் இருக்கிறது, வேறு யாராலும் செய்ய முடியாது. கூகுள் தன் பிக்சல் போன்களின் பழைய ரோம்களைக்கூடப் பொதுவில் வைத்திருக்கிறது. அந்தத் தொகுப்பைப் பிரித்தால் 'ரேடியோ' என்று மோடத்துக்குத் தனிக் கோப்பே கிடைக்கும். ஆகாத காரியம் இல்லை.

ஈப்போவில் உள்ள உங்கள் சேவை மையத்துக்கும் பஸ் ஏறிப் போனேன். முகப்பில் இருந்த தம்பி நான் கொண்டுபோன பெட்டிக்குள் பார்க்கக்கூட இல்லை, புது மாடல் விலைப்பட்டியலை நீட்டினார். ஐந்தாவது கேமராவாம். நிலாவைப் படம் பிடிக்குமாம்! லயத்துச் சன்னலில் மணி அடிக்குமா என்று கேட்டேன், அது பட்டியலில் இல்லை. உதிரிப்பழம் பொறுக்கும் கூலியில் இரண்டு வருடத்துக்கு ஒரு போன் மாற்ற வேண்டும் என்பதுதான் உங்கள் திட்டமென்றால் அதையாவது பெட்டி மேலேயே அச்சடித்து விற்கலாமே.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். புது அப்டேட் கேட்கவில்லை, இலவசப் பழுதுபார்ப்பும் கேட்கவில்லை. ஏற்கெனவே செய்து முடித்த கோப்புகளைத் தனியாகக் கொடுங்கள் என்றுதான் பணிவோடு கேட்கிறேன்.

என் இழுப்பறையில் உங்கள் போன்கள் இன்னும் மூன்று கிடக்கின்றன. அந்த மாடலின் ரோம் எங்கு தேடியும் அகப்படவில்லை, சொந்தக்காரர்கள் வாரச் சந்தைக்கு வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். கோப்பைப் போட்டதும் ஒரு வரி எழுதுங்கள். இங்கே இரவு பதினொன்றுக்கு மேல்தான் இணையம் வேகமாக வரும், விழித்திருந்து இறக்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் கைபேசிக் கடைக்காரன்