'ஒரு மாதிரியா இருக்கு'

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் புற்றுநோயாளிகளின் மனநலம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நோயாளியை எப்போதும் சிரித்த முகமாக வைத்திருக்க வேண்டும், வீட்டார் அவர் முன்னால் அழவே கூடாது என்று அதில் சொல்லியிருந்தது எனக்கு ஒப்பவில்லை. எட்டு மாதம் நாங்கள் அதைத்தான் செய்தோம். நாலு பேரும் நாலு மூலையில் தனித்தனியாக அழுததுதான் மிச்சம்.

என் வீட்டுக்காரர் பந்தலூர் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் 27 வருடம் வேலை பார்த்தவர். வாட்டிய கொழுந்தைக் கையில் அள்ளிக் கசக்கிப் பார்த்தே பதம் சொல்லிவிடுவார். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் உண்டு. கன்னத்தின் உள்பக்கம் ஆறாத புண் வந்தது, அப்புறம் அது புற்று என்றார்கள். ஆபரேஷன், 33 தடவை கதிர்வீச்சு எல்லாமே கோவையில். இங்கே விடிகாலையில் பஸ் ஏறினால் ஊட்டி, குன்னூர், மேட்டுப்பாளையம் எல்லாம் தாண்டிப் போய்ச் சேர மதியம் ஆகிவிடும். அங்கேயே ரூம் எடுத்துத் தங்கினோம்.

கதிர்வீச்சில் எச்சில் வற்றி, நாக்கில் ருசியே போய்விட்டது. ஊர் திரும்பிய அன்று டீ போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இது டீயா?" என்று டம்ளரைச் சுவரில் எறிந்தார். அதற்குப் பிறகு தினம் எதற்காவது கோபம். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "தைரியமா இருங்கண்ணே, ஒண்ணும் ஆகாது" என்றார்கள். டாக்டரும் நல்லதையே நினைக்கச் சொன்னார். எப்படி இருக்கிறது என்று யார் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "ஒரு மாதிரியா இருக்கு."

செக்கப்புக்குப் போனபோது அங்கிருந்த மனநல ஆலோசகர், சின்னப் பெண்தான், அந்தப் பதிலை அப்படியே விடவில்லை. "ஒரு மாதிரின்னா உடம்புல எங்கே தெரியுதுங்க ஐயா?" என்று கேட்டார். இவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டுத் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "இங்கே அடைக்குது. நானாத்தானே தேடிக்கிட்டேன்." அந்தப் பெண் எதிரே ஒரு காலி ஸ்டூலை இழுத்துப் போட்டு, புகையிலை போட்ட அந்த மனுஷன் அதில் இருப்பதாக நினைத்துக்கொண்டு திட்டச் சொன்னார். திட்டினார், எழுத முடியாத திட்டு. பிறகு அவரையே அந்த ஸ்டூலில் மாறி உட்காரச் சொல்லி, "இவ்வளவு திட்டு வாங்கினவருக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். உடைந்துவிட்டார். நைட் ஷிப்டில் தூங்காமல் இருக்கத்தான் புகையிலை போட ஆரம்பித்தேன் என்றார். ராத்திரியானால் செத்துப்போகும் பயம் வருகிறது என்றார். 29 வருடக் குடித்தனத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

பார்க்க நாடகம் போல இருந்தது, எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. இதை உணர்வை மையமாக வைத்த சிகிச்சை என்கிறார்கள். 1980-களில் கனடாவில் லெஸ்லி கிரீன்பெர்க், சூ ஜான்சன் என்ற உளவியலாளர்கள் உருவாக்கியது. மேலே தெரிகிற உணர்வு ஒன்று, அதன் அடியில் கிடக்கிற உணர்வு ஒன்று என்று பிரித்துப் பார்க்கிறார்கள். கோபம் மேலே நிற்கும். பயமோ துக்கமோ அவமானமோ அடியில் இருக்கும். அடியில் இருப்பதைத் தொட்டுப் பேர் சொல்லிவிட்டால், அதற்கு என்ன வேண்டும் என்பதும் தெரிந்துவிடுமாம். இவருக்கு வேண்டியிருந்தது, ராத்திரியில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. அதைக் கேட்கத் தெரியாமல்தான் டம்ளர் பறந்திருக்கிறது.

இதனால் புற்று கரையாது, கரையவும் இல்லை. மார்ஃபின் மாத்திரையில் வலி அடங்கிய பிறகுதான் அவரால் உட்கார்ந்து பேசவே முடிந்தது. யார் வேண்டுமானாலும் பிடித்து வைத்து அழ வைக்கிற காரியமும் இல்லை, முறையான பயிற்சி வேண்டும். ஆனால் கடைசி மாதங்களில் வீட்டில் சத்தம் நின்றது. டீ டம்ளரை மூக்கருகே பிடித்து வாசனை மட்டும் பார்ப்பார். "நேத்து போட்டதுக்கு இது தேவலை" என்பார்.

ஐந்து தடவைதான் அந்தப் பெண்ணைப் பார்க்க முடிந்தது. ஒவ்வொரு தடவையும் இரண்டு பேருக்கு பஸ் செலவு, தங்கும் செலவு, மகனுக்கு அந்த நாட்களின் வேலை போனது. சொல்ல வந்தது இதைத்தான். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் எங்கள் வீட்டுக்கே நர்ஸ் வந்தார், புண்ணைக் கழுவிக் கட்டினார், ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அவரிடமும் இவர் "ஒரு மாதிரியா இருக்கு" என்றார். பாவம், அவர் பிபி பார்த்தார். அடுத்த கேள்வியைக் கேட்க அந்த நர்ஸுகளுக்குக் கற்றுக்கொடுக்கலாமே! அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம், உண்மைதான். ஆனால் வாயில் ஆபரேஷன் ஆனவர் போனில் பேசினால் பாதி யாருக்கும் புரியாது. நாடுகாணி இறங்கினால் கேரளாவின் மலப்புறம். அந்தப் பக்கம் நோயாளியோடு உட்கார்ந்து பேச ஊர்க்காரர்களே வருகிறார்கள். வலி தணித்து ஆறுதலாக இருக்கும் அந்தச் சேவை 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கியது, இன்னும் மலையேறி நம் பக்கம் சரியாக வந்து சேரவில்லை.

பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் மாதம் இரண்டு நாள் கூடலூர் அரசு மருத்துவமனைக்கு வந்தால்கூடப் போதும். அது ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நல்லது. கொழுந்து பறிக்கப் போகிறவர்களுக்கு அன்றுதான் கூலி போகாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பந்தலூர், நீலகிரி மாவட்டம்.